டெஸ்ட் பட்டனை அழுத்தியதும் சுவிட்ச் விழுந்ததை நம்பி மூன்று மாத வருமானத்தை இழந்தேன்

கட்டுமானத் தளங்களுக்குத் தற்காலிக மின்சாரம் அமைத்துக் கொடுக்கும் சிறு ஒப்பந்தக்காரன் நான். பொருள் வருமுன்பே முழுவதுமாக அனுப்பிய என் மூன்று மாத வருமானம் இனித் திரும்பி வராது என்பது இன்று காலை உறுதியாகிவிட்டது. பணம் போனதைவிட, விற்ற பொருள் ஆள் உயிரை வாங்கக்கூடியது என்பதால்தான் உடனே எழுதுகிறேன்.

நான் வாங்கியவை தளத்தில் வைக்கும் நான்கு மின் விநியோகப் பெட்டிகள். விற்றவர், தொழிற்கருவிகளை விற்கும் ஓர் இணையச் சந்தையில் கடை வைத்திருப்பவர். ஐஇசி 61439-4 தரநிலைப்படி செய்தவை, நீர் தெறித்தாலும் தாங்கும் ஐபி44 பெட்டி, உள்ளே மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் உலோகப் பட்டையான பஸ்பார் செம்பில், சாக்கெட்டுகளுக்கு 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்சிசிபி என்று நான் கேட்பதற்கு முன்பே அடுக்கினார். கட்டுமானத் தளப் பெட்டிகளுக்கென்றே உள்ள தரநிலையின் எண்ணைப் பிசகாமல் சொன்னதால், தொழில் தெரிந்தவர் என்று எண்ணினேன். பிறகு ஒரு வீடியோ அனுப்பினார். மேசை மேல் பெட்டியை வைத்து, கதவைத் திறந்து, ஆர்சிசிபியை மேலே தள்ளி டெஸ்ட் பட்டனை அழுத்த, அது டக்கென்று விழுந்தது, அதாவது இணைப்பைத் துண்டித்தது. நான்கு பெட்டிகளிலும் அப்படியே காட்டினார். அன்று மாலையே முழுப் பணத்தையும் அனுப்பினேன்.

இப்போது அந்த வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். பெட்டிக்குள் ஒரு ஒயர்கூட நுழையவில்லை. டெஸ்ட் பட்டன் ஒரு மின்தடை வழியாகச் சிறு கசிவை வேண்டுமென்றே உண்டாக்கித்தான் ஆர்சிசிபியை விழச் செய்கிறது. மின்சாரமே இல்லாதபோது அது விழவே கூடாது. இத்தனை ஆண்டுகளாக இதே வேலை செய்யும் என் கண்ணுக்கு அது அன்று படவில்லை.

பெட்டிகள் வந்ததும் இணைப்புக் கொடுத்து, ஆர்சிசிபியைச் சோதிக்கும் டெஸ்டரால் 30 மில்லி ஆம்பியர் கசிவைச் செலுத்தினேன், விழவில்லை. ஐந்து மடங்காக 150 மில்லி ஆம்பியர் செலுத்தினால் 40 மில்லி விநாடிக்குள் விழ வேண்டும்; அதற்கும் அசையவில்லை. நான்கும் அப்படியே. ஒன்றைப் பிரித்துப் பார்த்தேன். கசிவை உணர்வதற்காக ஃபேஸும் நியூட்ரலும் சேர்ந்து நுழைந்து வர வேண்டிய வளையச் சுருள் உள்ளே இல்லை. பட்டனுக்கு அடியில் இருந்த பிளாஸ்டிக் குச்சி நேராகப் போய்க் கொக்கியைத் தள்ளுகிறது. பஸ்பாரைக் கத்தியால் சுரண்டினால், செம்பு நிறப் பூச்சுக்குக் கீழே வெள்ளையாக அலுமினியம் தெரிகிறது. அதன் கடத்துதிறன் செம்பில் ஏறத்தாழ 60 சதவீதம்தான். செம்புக்குக் கணக்கிட்ட அதே தடிமனில் போட்டால் முழுச் சுமையில் சூடேறிவிடும். ஈரத் தரையில் டிரில் மெஷினைப் பிடித்து நிற்கும் தொழிலாளிக்கு இந்தப் பெட்டியை நம்பி மின்சாரம் கொடுத்திருப்பேனே என்று நினைத்தால் கை நடுங்குகிறது.

விற்றவர் முதலில், வழியில் குலுங்கியிருக்கும் என்றார். அடுத்து, உங்கள் எர்த் சரியில்லை என்றார். டெஸ்டர் அளவுகளைப் படமெடுத்து அனுப்பிய பிறகு, மாற்றுப் பெட்டிகள் அனுப்புகிறேன், புகாரை மட்டும் திரும்பப் பெறுங்கள் என்று கெஞ்சினார். நானும் திரும்பப் பெற்றேன். மறுநாளே, பிரித்துவிட்டதால் உத்தரவாதம் செல்லாது என்று எழுதினார். பிரிக்காத மூன்றும் அப்படியே இருக்கின்றனவே என்று கேட்டதற்குப் பதில் இல்லை. சந்தைத் தளத்தினரோ, ஒரே ஆர்டருக்கு இரண்டாவது புகார் ஏற்க முடியாது என்ற ஒரே வாக்கியத்தை நான்கு முறை அனுப்பிவிட்டு, இன்று காலை என் புகார்க் கோப்பை மூடிவிட்டார்கள். மூன்று மாத வருமானம், ஒரு வாக்கியத்தில் போயிற்று. அதே வீடியோவுடன் விளம்பரம் இன்னும் ஓடுகிறது.

வாங்குவோருக்கு விரிவாக எழுத நினைத்தேன். இப்போது முடிந்தது இவ்வளவுதான். டெஸ்டர் அளவைப் பார்க்காமல் முழுப் பணம் கொடுக்காதீர்கள். பஸ்பாரைச் சுரண்டிப் பாருங்கள். மாற்றுப் பொருள் கைக்கு வரும்வரை புகாரைத் திரும்பப் பெறாதீர்கள். இதுபோன்ற பெட்டியை ஏற்கெனவே வாங்கியிருந்தால், வரும் மின்சாரத்தை முழுவதும் துண்டித்துவிட்டு, ஆர்சிசிபியை மேலே தள்ளி டெஸ்ட் பட்டனை அழுத்துங்கள். அப்போதும் விழுந்தால், அந்தப் பெட்டியிலிருந்து எவருக்கும் மின்சாரம் கொடுக்காதீர்கள்.