வெளிநாட்டில் வாழ்பவர்களுக்குக் குழந்தை 'ஏற்பாடு' செய்யும் முகவர்கள்: குமரி மாவட்டத்தாருக்கு ஓர் எச்சரிக்கை

மார்த்தாண்டம், தக்கலை, நாகர்கோவில் பகுதிகளில் விசா, சான்றிதழ் சரிபார்ப்பு, வெளிநாட்டு வேலை என்று பலகை வைத்த அலுவலகங்கள் நிறைய இருக்கின்றன. பெரும்பாலானவர்கள் ஒழுங்காகத்தான் தொழில் செய்கிறார்கள். ஆனால் உங்கள் வீட்டிலிருந்து வெளிநாடு சென்ற மகளுக்கோ மகனுக்கோ இங்கிருந்து ஒரு குழந்தையைத் தத்தெடுத்துத் தருகிறேன் என்று அவர்களில் யாராவது சொன்னால், அந்த இடத்திலேயே எழுந்து வந்துவிடுங்கள். இந்தியாவில் எந்தத் தனியார் முகவருக்கும் அந்த அதிகாரம் கிடையாது. எங்கள் குடும்பம் நான்கு லட்சத்துக்கும் மேல் இழந்திருக்கிறது. பணத்தைவிடப் பெரிய ஆபத்திலிருந்து மயிரிழையில் தப்பியிருக்கிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

என் அக்கா இங்கிலாந்தில் செவிலியர். அத்தானுக்கும் அங்கேயே வேலை. இருவரும் பிரிட்டிஷ் குடியுரிமை பெற்று, ஓ.சி.ஐ. அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தரும் அட்டை) வைத்திருக்கிறார்கள். சிகிச்சைகள் பலன் தராத நிலையில், ஊரிலிருந்து ஒரு குழந்தையை எடுத்து வளர்ப்பது என்று முடிவு செய்தார்கள். சபையில் பழக்கமான ஒருவர், மார்த்தாண்டத்தில் மாடியில் அலுவலகம் வைத்திருக்கும் ஒரு முகவரை அறிமுகப்படுத்தினார். அவர் வீட்டுக்கே வந்து அம்மாவிடம் பேசினார். "டெல்லி வழியாகப் போனால் வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும் அம்மா. எனக்கு நேரடி வழி இருக்கிறது. கிறிஸ்துமஸுக்குள் பேத்தியை உங்கள் மடியில் வைக்கிறேன்" என்றார்.

பதிவுக் கட்டணம், வீட்டாய்வுக் கட்டணம், காப்பகத்துக்கு நன்கொடை என்று ஒவ்வொன்றாக வாங்கினார். பாதி ரொக்கம், மீதி வேறொரு பெண்ணின் வங்கிக் கணக்குக்கு. அசோகச் சின்னம் பொறித்த 'தடையில்லாச் சான்று' ஒன்றையும் கைப்பேசியில் அனுப்பினார். பிறகு ஒரு பெண் குழந்தையின் படம் வந்தது. பிறந்து சில நாட்களே ஆன முகம். அக்கா அந்தப் படத்தை அங்கே தன்னுடன் வேலை செய்பவர்களிடமெல்லாம் காட்டியிருக்கிறாள். ஒரு பெயரும் வைத்துவிட்டாள். அடுத்த வாரமே, குழந்தைக்கு மஞ்சள் காமாலை, உடனே பணம் கட்டாவிட்டால் சிகிச்சையை நிறுத்திவிடுவார்கள் என்று இரவு பதினோரு மணிக்கு அழைப்பு வந்தது. அழுதுகொண்டே அக்கா பணம் அனுப்பினாள். மற்றதையெல்லாம் ஓரளவு மறந்துவிட முடிகிறது. ஒரு தாயின் தவிப்பை இப்படிக் கறந்ததை மட்டும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

அவர் போட்ட திட்டங்களையும், அவை ஏன் சட்டப்படி நடக்கவே முடியாதவை என்பதையும் சொல்கிறேன். இதே வலையை வேறு வீடுகளிலும் விரிப்பார்கள்.

முதலில், அம்மாவின் நாகர்கோவில் முகவரியைக் காட்டி அக்காவையும் அத்தானையும் உள்ளூர்த் தம்பதி என்று பதிவு செய்துவிடலாம் என்றார். அது முடியாது. 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தின் 59-ஆம் பிரிவு இதில் தெளிவாக இருக்கிறது. வெளிநாட்டில் வாழும் இந்தியர், ஓ.சி.ஐ. அட்டைதாரர், வெளிநாட்டவர் யாராக இருந்தாலும், தாங்கள் வழக்கமாக வசிக்கும் நாட்டில்தான் விண்ணப்பத்தைத் தொடங்க வேண்டும். அங்கே அங்கீகாரம் பெற்ற தத்து நிறுவனமோ அரசுத் துறையோ வீட்டாய்வு செய்து, தகுதியுள்ளவர்கள் என்று உறுதி செய்த பிறகே கோப்பு டெல்லியிலுள்ள மத்திய தத்தெடுப்பு ஆணையத்துக்கு வரும். 'காரா' என்று சொல்வது இதைத்தான். இங்கிலாந்தில் என்றால் உள்ளாட்சி அமைப்போ பதிவு பெற்ற தத்து நிறுவனமோ ஆய்வு செய்ய வேண்டும். அந்நாட்டுக் கல்வித் துறையின் சான்றும் வேண்டும். வளைகுடாவிலும் பெரும்பாலான நாடுகள் நாடு விட்டு நாடு தத்தெடுப்பதை முறைப்படுத்தும் ஹேக் உடன்படிக்கையில் சேராதவை. அங்கே இருக்கும் நம் ஊர்க்காரர்கள் முதலில் விசாரிக்க வேண்டிய இடம் அந்நாட்டு இந்தியத் தூதரகம். எந்த வழியில் பார்த்தாலும் வாசல் அந்த நாட்டில் இருக்கிறது. மார்த்தாண்டத்து மாடியில் இல்லை.

இரண்டாவது திட்டம் தத்துப் பத்திரம். சார்பதிவாளர் அலுவலகத்தில் ஒரு பத்திரம் பதிந்தால் குழந்தை உங்களுடையது என்றார். நம் மாவட்டத்தில் பலரும் இதை நம்புகிறார்கள் என்பதால் விளக்குகிறேன். பத்திரத்தின் மூலம் தத்து எடுக்கும் வழக்கம் 1956-ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்பு மற்றும் ஜீவனாம்சச் சட்டத்தின் கீழ் வருவது. கிறிஸ்தவர்களான எங்களுக்கு அந்தச் சட்டம் பொருந்தவே பொருந்தாது. முன்பெல்லாம் கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் 1890-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி குழந்தைக்குப் பாதுகாவலர் ஆக மட்டுமே முடிந்தது. இளைஞர் நீதிச் சட்டம்தான் எந்த மதத்தவரும் முழுப் பெற்றோராகும் வழியைத் திறந்தது. நாங்கள் பதிந்திருந்தால் அந்தப் பத்திரம் வெறும் காகிதம். இந்துக் குடும்பங்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். அச்சட்டப்படி முறையாகத் தத்தெடுத்தாலும், குழந்தையை வெளிநாட்டுக்கு அழைத்துச் செல்ல 2021 செப்டம்பரில் வந்த விதிகளின்படி மாவட்ட ஆட்சியரின் சரிபார்ப்பும் காராவின் ஒப்புதலும் தேவை. பத்திரம் மட்டும் விமான நிலையம் வரை கூட வராது.

மூன்றாவது திட்டத்தைக் கேட்டபோதுதான் எங்களுக்கு உடல் நடுங்கியது. அக்கா ஊருக்கு வர வேண்டுமாம். கேரள எல்லைக்கு அப்பால் ஒரு சிறிய மருத்துவமனையில் சில நாட்கள் படுத்திருக்க வேண்டுமாம். அங்கே வேறொரு பெண் பெற்ற குழந்தையை அக்கா பெற்றதாகப் பதிந்து, பிறப்புச் சான்றிதழில் அக்கா, அத்தான் பெயரையே எழுதி வாங்கித் தருவாராம். "தத்தெடுப்பே இல்லை சார், சொந்தக் குழந்தை மாதிரி" என்று என்னிடம் பெருமையாகச் சொன்னார்.

மறுநாளே நாகர்கோவில் ஆட்சியர் அலுவலக வளாகத்துக்குப் போய், மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலரிடம் எல்லாக் காகிதங்களையும் காட்டினேன். பொறுமையாகப் படித்துப் பார்த்தார். முதலில் அக்காவின் வயதையும் அத்தானின் வயதையும் கேட்டார். கூட்டினால் 88. தம்பதியின் வயதுக் கூட்டுத்தொகை 85-ஐத் தாண்டினால் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தையைத் தரவே விதியில் இடமில்லை என்றார். அப்படியானால் கைக்குழந்தையின் படத்தை அனுப்பியதே பொய்!

அவர் சொன்ன மற்றொன்றையும் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு தாய் தன் குழந்தையை வளர்க்க முடியாது என்று ஒப்படைத்தால், அதைக் குழந்தைகள் நலக் குழுவின் முன்னிலையில்தான் செய்ய வேண்டும். அதன் பிறகும் மனம் மாறித் திரும்பப் பெற்றுக்கொள்ள அவளுக்கு இரண்டு மாத அவகாசம் உண்டு. கைவிடப்பட்ட குழந்தை என்றால், பெற்றோரைத் தேடிப் பார்த்த பிறகே, இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தையை இரண்டு மாதத்துக்குள்ளும், பெரிய குழந்தையை நான்கு மாதத்துக்குள்ளும் தத்துக்கு உரியது என்று அறிவிப்பார்கள். அப்படி அறிவித்த பிறகு இந்தியாவில் இருப்பவர்களுக்கும் என்.ஆர்.ஐ. (வெளிநாட்டில் வாழும் இந்தியக் குடிமக்கள்) பெற்றோருக்கும்தான் முதல் வாய்ப்பு. அறுபது நாட்களில் யாரும் ஏற்காத குழந்தையே ஓ.சி.ஐ. அட்டைதாரருக்கும் வெளிநாட்டவருக்கும் போகும். அதிலும் மாற்றுத்திறன் உள்ள குழந்தைகள், உடன்பிறந்தோரோடு சேர்த்தே கொடுக்க வேண்டிய குழந்தைகள், ஐந்து வயதைத் தாண்டிய குழந்தைகள் ஆகியோருக்கு முன்னுரிமை. இறுதியில் தத்து ஆணையை முன்பு நீதிமன்றம் கொடுத்தது. 2022 செப்டம்பரிலிருந்து மாவட்ட ஆட்சியர் கொடுக்கிறார். குழந்தை போன பிறகும் இரண்டு ஆண்டுகள் அங்கிருந்து அறிக்கை வந்துகொண்டே இருக்க வேண்டும். ஆகவே பிறந்த ஒரு மாதத்துக்குள் ஆரோக்கியமான ஒரு பெண் குழந்தை வெளிநாட்டுத் தம்பதியின் கைக்குச் சட்டப்படி வர வழியே இல்லை. வருகிறது என்றால் அது விற்கப்பட்ட குழந்தை.

முகவரின் திட்டம் நிறைவேறியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன். கர்ப்பகாலப் பரிசோதனைப் பதிவு ஒன்றுகூட இல்லாத ஒரு செவிலியர், இந்தியாவிலிருந்து கைக்குழந்தையுடன் இங்கிலாந்தில் இறங்குகிறார். ஒரு மரபணுச் சோதனை போதும். முறைப்படி ஒப்புதல் பெறாமல் தத்துக் குழந்தையை அந்நாட்டுக்குள் கொண்டுவருவது அங்கே குற்றம். 12 மாதம் வரை சிறை. இங்கே இளைஞர் நீதிச் சட்டத்தின் 80-ஆம் பிரிவு விதிமுறையை மீறிக் கொடுப்பவரையும் வாங்குபவரையும் சேர்த்தே பிடிக்கும்: மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் அபராதம், அல்லது இரண்டும். விற்பனை என்று நிரூபணமானால் 81-ஆம் பிரிவில் ஐந்து ஆண்டு வரை கடுங்காவல். மருத்துவமனை ஊழியர்கள் உடந்தை என்றால் அவர்களுக்கு ஏழு ஆண்டு வரை. அக்காவின் வேலையும் குடியுரிமையும் ஒரு பக்கம் இருக்கட்டும். விசா மறுக்கப்பட்டு, இங்கே ஒரு தாயும் அங்கே ஒரு தாயும் இல்லாமல் நடுவில் நிற்கப் போவது அந்தக் குழந்தை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"ஆதரவற்ற குழந்தைகள் இத்தனை பேர் இருக்க, அரசு ஏன் இவ்வளவு கெடுபிடி செய்கிறது?" என்று உறவினர்கள் கேட்கிறார்கள். தத்தெடுப்பு என்ற பெயரில் இந்தியக் குழந்தைகள் வெளிநாடுகளுக்கு விற்கப்படுவதாக லட்சுமி காந்த் பாண்டே என்ற வழக்கறிஞர் உச்ச நீதிமன்றத்துக்குக் கடிதம் எழுதினார். அதன் மீது 1984-இல் வந்த தீர்ப்புதான் இந்த விதிகளுக்கு அடித்தளம். 1993-இல் ஹேக் உடன்படிக்கை உருவானது. இந்தியா 2003-இல் அதை ஏற்றது. 1980-களில் இலங்கையிலிருந்து ஐரோப்பாவுக்குப் போன குழந்தைகள் பலர், வளர்ந்த பிறகு தாயைத் தேடி வந்து, தங்கள் ஆவணங்களில் இருப்பது பொய்ப் பெயர் என்று கண்டுகொண்டார்கள். இத்தகைய முறைகேடுகள் விசாரணையில் வெளிவந்த பிறகு 2021-இல் நெதர்லாந்து வெளிநாட்டுத் தத்தெடுப்பையே நிறுத்தி வைத்தது. தூரத்துக் கதை என்று நினைக்க வேண்டாம். 2019-இல் ராசிபுரத்தில் குழந்தை விற்பனை வழக்கு வெடித்தது. 2021-இல் மதுரையில் ஒரு காப்பகம், உயிரோடிருந்த குழந்தை கொரோனாவில் இறந்துவிட்டதாகப் பதிவு செய்து விற்றது பிடிபட்டது. காத்திருப்பு நீளமானது, வலிக்கிறது, உண்மைதான். அக்காவின் அழுகையைக் கேட்ட பிறகும் சொல்கிறேன், இந்த விதிகள் தளரக் கூடாது.

உறவுக்குள் குழந்தையை எடுக்கலாமே என்று எங்கள் சித்தி கேட்டார். எடுக்கலாம். ஆனால் இந்தச் சட்டத்தில் உறவு என்றால் குழந்தையின் பெற்றோருடன் பிறந்தவர்களும் தாத்தா பாட்டிகளும் மட்டுமே. அண்ணன் தங்கை பிள்ளைகளை எடுக்கலாம். ஒன்றுவிட்ட தம்பியின் மகளை அந்தப் பிரிவில் எடுக்க முடியாது. அங்கும் வெளிநாட்டில் வசிப்பவர் தன் நாட்டு அமைப்பின் வழியாகவே வர வேண்டும்.

பணம் கேட்கும் விதத்திலேயே போலியைக் கண்டுகொள்ளலாம். வெளிநாட்டில் வாழும் பெற்றோர் இங்குள்ள தத்து நிறுவனத்துக்குச் செலுத்த வேண்டியது விதியில் எழுதப்பட்ட தொகை, 5,000 டாலர். அது நிறுவனத்தின் கணக்குக்கு நேராகப் போகும், ரசீது வரும். நன்கொடை என்று ஒரு ரூபாய்கூடக் கேட்கக் கூடாது. குழந்தையின் படமும் மருத்துவ அறிக்கையும் காராவின் இணையதளம் வழியாகத்தான் காட்டப்படும். ஒருவரின் கைப்பேசியிலிருந்து வாட்ஸ்அப்பில் வராது.

எங்கள் புகார் மாவட்டக் குற்றப்பிரிவில் பதிவாகியிருக்கிறது. அக்காவுக்கு வந்த அதே படம் குளச்சல் பக்கம் இன்னொரு குடும்பத்துக்கும் போயிருப்பது விசாரணையில் தெரிந்தது. அந்தக் குழந்தை யாருடையது, இப்போது எங்கே இருக்கிறது என்பதைக் காவல்துறை தேடிக்கொண்டிருக்கிறது. முகவரின் அலுவலகம் பூட்டிக் கிடக்கிறது, பலகையையும் கழற்றிவிட்டார்கள். இப்படிப்பட்ட யாரிடமாவது நீங்கள் பணம் கொடுத்திருந்தால், குழந்தை இல்லாத விஷயம் ஊருக்குத் தெரிந்துவிடுமே என்று மறைக்காதீர்கள். பணம் அனுப்பிய வங்கி விவரம், அவர் பேசிய குரல் பதிவு, வந்த படங்கள் எதையும் அழிக்காமல் மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அலுவலகத்தில் புகார் கொடுங்கள். எங்காவது ஒரு குழந்தை கைமாறப் போகிறது என்று தெரிந்தால் உடனே குழந்தைகள் உதவி எண்ணான 1098-ஐ அழையுங்கள்.