முதல் மூன்று நாள் யாரையும் தொடவிடவில்லை

பினாங்கில் ஜெலுத்தோங் பக்கம் இருக்கிற இந்த இல்லத்தில் நான் வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம் ஆகிறது. கீழே முதியவர்கள், மாடியில் பிள்ளைகள், நன்கொடையில் நடக்கிறது. பெற்றோரைச் சேர்க்க வருபவர்கள் கட்டில், சாப்பாடு, கட்டணம் எல்லாம் விசாரிப்பார்கள். புதிதாக வருகிற வேலையாட்களை எப்படிப் பழக்குகிறீர்கள் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை, அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பாயான் லெப்பாஸ் ஃபேக்டரியில் 18 வருடம் ஆப்பரேட்டராக இருந்தவள் நான். அங்கே புது மெஷின் வந்தால் இரண்டு வாரம் பயிற்சி, அப்புறம் தேர்வு, தேறினால்தான் மெஷினில் கை வைக்க விடுவார்கள். ஆள்குறைப்பில் வேலை போன பிறகு முதலில் வேறொரு முதியோர் இல்லத்தில் சேர்ந்தேன், பெயர் வேண்டாம். காலை ஏழு மணிக்குப் போய் நின்றதும் கையுறையைக் கொடுத்து 11 பேரைக் குளிப்பாட்டச் சொன்னார்கள். பக்கவாதம் வந்த ஒரு தாத்தாவின் வராத கையை, தெரியாமல் சட்டைக்காகப் பிடித்து இழுத்துவிட்டேன். அவர் போட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. நான்கே நாளில் நின்றுவிட்டேன்.

இங்கே முதல் நாள் பத்து மணிக்கு வரச் சொன்னார்கள். ஏழு மணிக்குக் குளியலும் பசியாறலுமாக ஒரே ஓட்டம், புது ஆளிடம் நின்று பேச யாருக்கும் நேரம் இருக்காதாம். போனால் பெரியவர்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறார்கள், எனக்கும் ஒரு தேநீர். எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளை, மீன் குழம்பு நன்றாக வைப்பாயா என்று அவர்கள்தான் என்னை விசாரித்தார்கள். எப்படிக் கூப்பிட வேண்டும் என்பதையும் அவரவரே சொன்னார்கள். தமிழ்ப்பள்ளியில் வேலை பார்த்தவருக்கு ‘சார்’, சீனப் பாட்டிக்கு ‘ஆ மா’, ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவருக்கு 81 வயது, ஆனாலும் ‘அண்ணே’ என்றால்தான் திரும்பிப் பார்ப்பார்.

அப்புறம் மூன்று நாள் ஒரு மூத்த அக்கா பின்னாலேயே நடந்தேன், பார்க்க மட்டும்தான் அனுமதி. சட்டை போடும்போது வராத கையை முதலில் நுழைக்க வேண்டும், கழற்றும்போது அதைக் கடைசியில் எடுக்க வேண்டும் என்று அவர் செய்து காட்டியபோது எனக்கு அந்தத் தாத்தா ஞாபகம் வந்து கண் கலங்கிவிட்டது. ஒரே ஒரு நிமிடம் யாராவது சொல்லிக் கொடுத்திருந்தால் போதுமே. படுக்கையில் இருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைப்பது, விழுங்கச் சிரமப்படுகிறவருக்குத் தண்ணீரைக் கெட்டியாக்கிக் கொடுப்பது, சாப்பிட்டவுடன் சாய்க்காமல் அரை மணி நேரமாவது உட்காரவைப்பது, எல்லாம் இப்படித்தான் பார்த்துப் பார்த்து வந்தது. ஞாபகமறதி உள்ள ஒரு பாட்டி பொழுது சாய்ந்தால் பையை எடுத்துக்கொண்டு, ஃபெரி போய்விடும், பட்டர்வொர்த்துக்குப் போகணும் என்று கிளம்புவார். ‘இதுதான் உங்கள் வீடு’ என்று நாம் வாதாடினால் பயம்தான் கூடும். அக்கா பக்கத்தில் உட்கார்ந்து, “அங்கே யாருக்கு என்ன வாங்கிட்டுப் போறீங்க பாட்டி?” என்று கேட்பார். பேச்சு வளர வளரப் பை தானாகக் கீழே இறங்கும்.

மாடிக்கு விதிகள் வேறு. கதவைச் சாத்திக்கொண்டு ஒரு பிள்ளையோடு தனியாக இருக்கக்கூடாது, போனில் படம் எடுக்கக்கூடாது, அப்பா அம்மா எங்கே என்று தோண்டக்கூடாது. ஒரு பிள்ளைக்குக் கொடுமை நடந்திருக்கும் என்று சந்தேகம் வந்தால் தெரிவித்தே ஆகவேண்டும், 2001 சிறார் சட்டம் பராமரிப்பவர்களுக்கு அந்தக் கடமையை வைத்திருக்கிறது என்று விளக்கினார்கள். அரசாங்கத்தின் உதவித் தொலைபேசியான தாலியான் காசிஹ் (Talian Kasih) எண் 15999 சுவரிலேயே ஒட்டியிருக்கிறது.

சம்பளம் 1,700 ரிங்கிட், அதாவது அரசாங்கம் வைத்த குறைந்தபட்சம். இந்த வேலைக்கு இது குறைவுதான், ஆனால் இபிஎஃப் (ஊழியர் சேமநிதி), சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு) பிடித்தம் எல்லாவற்றையும் முதல் வாரமே உட்கார்ந்து விளக்கினார்கள்.

குறையும் சொல்ல வேண்டும். கையில் கொடுக்கிற கோப்பு மலாயிலும் ஆங்கிலத்திலும் மட்டும் இருக்கிறது, பாதிப் பேர் தமிழ் பேசுகிற இடத்தில் மருந்து நேரப் பக்கமாவது தமிழில் வேண்டும். அதைவிடப் பெரியது, மரணத்தைப் பற்றி யாருமே ஒரு வார்த்தை சொல்லித்தரவில்லை. ஐந்தாவது வாரம் ‘சார்’ விடியற்காலையில் இறந்துபோனார், என் ஷிஃப்ட்தான். யாரை முதலில் கூப்பிடுவது, பக்கத்துக் கட்டிலில் இருப்பவரிடம் எப்படிச் சொல்வது, அன்றைக்கே மாடிப் பிள்ளைகள் அவரிடம் வாய்ப்பாடு ஒப்பிக்க வருவார்களே, அவர்களிடம் என்ன சொல்வது, எதுவும் தெரியாமல் அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மேற்பார்வையாளரிடம் இதைச் சொன்னபோது தட்டிக்கழிக்கவில்லை, எழுதித் தரச் சொன்னார், அடுத்து வருகிற மூன்று பேருக்கு அந்தப் பகுதியை நானே பேச வேண்டும் என்று கேட்டிருக்கிறார். சரி என்று சொல்லியிருக்கிறேன்.

சேர நினைப்பவர்கள் தயங்காமல் வரலாம். நகத்தை ஒட்ட வெட்டிக்கொண்டு வாருங்கள், மோதிரம் வளையல் வேண்டாம். வயதானவர்களின் தோல் மெல்லியது, லேசாக உரசினாலே கீறிவிடும்.