லேப் டெக்னீஷியன் கோர்ஸ், '100 சதவீதம் வேலை உறுதி': பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

ஒரு வருஷமும் அப்பா கடன் வாங்கிக் கட்டிய பணமும் எனக்குப் போய்விட்டது. அடுத்த பேட்ச் சேர்க்கை தொடங்கிவிட்டது என்று கேள்விப்பட்டதால்தான் இதை எழுதுகிறேன்.

அந்த கோர்ஸ் நடத்திய இன்ஸ்டிட்யூட்காரர்கள் சொன்னது முழுக்கப் பொய்யாக இருந்திருந்தால் நான் சேர்ந்திருக்க மாட்டேன். மருத்துவத் துறையில் ஆள் பற்றாக்குறை என்பது நிஜம். 2030-க்குள் உலகம் முழுக்க 1 கோடியே 80 லட்சம் சுகாதாரப் பணியாளர்கள் குறைவாக இருப்பார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2016-ல் கணித்தது. அதைத்தான் நோட்டீஸில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். அந்தக் கணிப்பைப் பின்னால் சுமார் 1 கோடியாகக் குறைத்துவிட்டார்கள் என்பது எனக்கு அப்போது தெரியாது. ஆள் தேவை என்பது வேறு, சம்பளம் ஒதுக்கி அந்த இடத்துக்கு ஆள் எடுப்பது வேறு என்பதும் தெரியாது.

வகுப்பு என்ற பெயரில் நடந்ததைச் சொல்கிறேன். ரப்பர் கை ஒன்றுதான் இருந்தது, அதில் ஆளுக்கு மூன்று முறை ஊசி குத்தினோம். மீதி எல்லாம் ஜெராக்ஸ் நோட்ஸ். இன்டர்ன்ஷிப் என்று அனுப்பிய இடத்தில் இரண்டு மாதம் டோக்கன் எழுதிக் கொடுத்தேன். ஒரு நாள்கூட லேபுக்குள் விடவில்லை. கேட்டபோது, "வேலையில சேர்ந்தா தானா கத்துக்குவீங்க" என்றார்கள். நானும் நம்பினேன்.

முதல் இன்டர்வியூவில் லேப் பொறுப்பில் இருந்த மேடம் மேஜை மேல் ஐந்து டியூப்களை வைத்தார். "ஒரே குத்துல எல்லாத்துக்கும் ரத்தம் எடுக்கணும். எதுல முதல்ல எடுப்பீங்க?" என்று கேட்டார். கைக்கு வந்த ஊதா மூடியை எடுத்தேன். அவர் கோபப்படவில்லை. பொறுமையாக விளக்கினார். ஊதா டியூபில் இருப்பது ஈடிடிஏ என்ற, ரத்தம் உறையாமல் தடுக்கும் ரசாயனம், அதுவும் பொட்டாசியம் உப்பாக. அதில் கொஞ்சம் அடுத்த டியூபில் கலந்துவிட்டாலும் ரிசல்ட்டில் பொட்டாசியம் பொய்யாக ஏறும், கால்சியம் பொய்யாக இறங்கும். அதைப் பார்த்து டாக்டர் இல்லாத நோய்க்கு மருந்து கொடுக்க நேரலாம். ரத்தம் உறையும் நேரத்தைப் பார்ப்பதற்கான நீல டியூபை சிவப்புக்கும் ஊதாவுக்கும் முன்னால் எடுக்க வேண்டும், அதிலும் ஒன்பது பங்கு ரத்தத்துக்கு, அதில் ஏற்கெனவே இருக்கும் உறைவுத் தடுப்பு மருந்தான சிட்ரேட் ஒரு பங்கு என்ற அளவுக்கு நிரம்ப வேண்டும். இல்லாவிட்டால் ரத்தம் உறையும் நேரம் தப்பாக வரும். படிப்பின் தொடக்கத்திலேயே சொல்லித்தர வேண்டிய இந்த விஷயத்தை ஒரு வருஷத்தில் எனக்கு யாருமே சொல்லித்தரவில்லை. வேலை கிடைத்திருந்தால் யார் உயிரோடு விளையாடியிருப்பேனோ என்று நினைத்தால் இன்றும் உடம்பு நடுங்குகிறது.

பிறகு அவர் என் சர்டிபிகேட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கவுன்சில் பதிவு எண் எங்கம்மா?" என்றார். இந்தத் தொழிலைச் செய்பவர்களைப் பதிவு செய்யும் அமைப்பு கொடுக்கும் எண்ணைத்தான் கேட்டார். தங்க நிற முத்திரையையும் ஐஎஸ்ஓ 9001 முத்திரையையும் காட்டினேன். அப்போதுதான் தெரிந்தது, ஐஎஸ்ஓ 9001 என்பது நிர்வாகம் முறைப்படி நடக்கிறதா என்று பார்க்கும் தரநிலை. சோப்பு செய்யும் கம்பெனியும் அதை வாங்கலாம். அதை வைத்து எந்தப் படிப்புக்கும் அங்கீகாரம் வராது. ஐஎஸ்ஓ அமைப்பு நேரடியாக யாருக்கும் சான்றிதழ் கொடுப்பதுகூட இல்லை, வெளி ஏஜென்சிகள் தணிக்கை செய்து கொடுப்பவைதான் அவை.

அதனால் எங்கே வேலை பார்க்க நினைக்கிறீர்களோ, அங்கே அந்தத் தொழிலுக்குப் பதிவு கொடுப்பது யார் என்று முதலில் கண்டுபிடியுங்கள். இன்ஸ்டிட்யூட் கொடுக்கும் நம்பரில் விசாரிக்காதீர்கள். நீங்களே தேடி எடுத்த நம்பரில் கூப்பிட்டு, "இந்தப் படிப்பு, இந்த இடத்தில், இந்த வருஷம் படித்தால் பதிவு கிடைக்குமா?" என்று கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். நர்ஸிங், பிசியோதெரபி, பார்மசி, ரேடியாலஜி எதுவானாலும் இதையே செய்யுங்கள். எந்த மருத்துவமனையில் பயிற்சி, எத்தனை மணி நேரம் என்பதையும் கேட்டு, அங்கேயே நேரில் போய் விசாரியுங்கள். நான் இந்த ஒரு போன் காலைச் செய்யவில்லை.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, வெளிநாட்டு ஆஸ்பத்திரியில் வேலை வாங்கித் தருகிறோம், பிராசசிங் பீஸ் மட்டும் கட்டுங்கள் என்றார்கள். வேலை தேடுபவரிடம் ஏஜென்சி கட்டணம் வாங்கக் கூடாது என்பதுதான் சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 1997-ஆம் ஆண்டு 181-வது உடன்படிக்கை சொல்லும் பொது விதி. சில விதிவிலக்குகள் உண்டு, எல்லா நாடுகளும் அதை ஏற்கவும் இல்லை. ஆனாலும் அதைப் படித்திருந்ததால் இந்த முறை நான் பணம் கட்டவில்லை.

நுகர்வோர் புகார் கொடுத்திருக்கிறேன், இன்னும் பதில் வரவில்லை. அவர்களுடைய புது விளம்பரத்தில் வெள்ளைக் கோட்டோடு மைக்ராஸ்கோப் பக்கத்தில் ஒரு பெண் நிற்கும் படம் இருக்கிறது, கீழே 'பணியில் சேர்ந்தார்' என்று போட்டிருக்கிறார்கள். அது நான்தான். அந்த மைக்ராஸ்கோப்பில் நான் ஒரு ஸ்லைடைக்கூடப் பார்த்ததில்லை. எனக்கு வேலையும் கிடைக்கவில்லை. படத்தை எடுக்கச் சொல்லி மூன்று முறை எழுதிவிட்டேன்.