குவாட் பைக்குக்கு எந்த டை ராட்? அலுமினியமா, குரோமோலிக் குழாயா?

நான்கு சக்கர குவாட் பைக்கில், சக்கரத்தை வண்டிச் சட்டத்தோடு இணைக்கும் முன்பக்க ஏ-ஆர்ம்களை இரண்டு அங்குலம் கூடுதல் அகலமானவையாக மாற்றினால், ஸ்டீயரிங்கின் திருப்பத்தைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் கம்பியான டை ராடையும் நீளமாக்கித்தான் ஆக வேண்டும். என் யமஹா ராப்டர் 700-க்கு அந்த வேலை வந்தபோது எதிரே மூன்று வழிகள் இருந்தன: கம்பெனிப் பாணியிலேயே சற்று நீளமான எஃகுக் கம்பி, தடித்த அலுமினியக் கம்பி, 4130 குரோமோலிக் குழாய் (குரோமியமும் மாலிப்டினமும் கலந்த எஃகு). நான் குரோமோலிக் குழாயை வாங்கினேன். முனைகளுக்கு ரப்பர் உறை போட்ட பால் ஜாயிண்டுகளையே (பல பக்கமும் அசையும் உருண்டை மூட்டுகள்) வைத்துக்கொண்டேன். ஷார்ஜாவின் அல் பதாயர் மணல்மேடுகளிலும் அபுதாபியின் லிவா பாலைவனத்திலும் ஓட்டுகிறவனின் கணக்கு இது. சேற்றிலும் மண் டிராக்கிலும் ஓட்டுகிறவர்களுக்குக் கணக்கு கொஞ்சம் மாறலாம்.

விலையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கம்பெனிக் கம்பி மலிவு, மற்ற இரண்டும் கூடுதல். எடையும் பலர் நினைக்கிற அளவுக்கு வேறுபடுவதில்லை.

வலிமையில்தான் வேறுபாடு தெரிகிறது. மேட்டிலிருந்து பாய்ந்து இறங்கும்போது ஒரு சக்கரம் முதலில் இறுகிய மணலில் மோதினால், டை ராட் நீளவாக்கில் நசுக்கப்படுகிறது. மெல்லிய மூங்கில் குச்சியை இரு முனையிலும் அழுத்தினால் நடுவில் வில்லாக வளைவதைப் போலத்தான் அதுவும் வளையும். இந்த வளைவைத் தடுப்பதில் தடிமனுக்குப் பெரும் பங்கு உண்டு. 12 மி.மீ. முழு எஃகுக் கம்பி ஒன்றை அளவுகோலாக வைத்துக்கொள்வோம். 19 மி.மீ. அலுமினியக் கம்பியின் விறைப்பு அதைப் போல இரண்டு மடங்குக்குச் சற்று மேல். எடை பத்தில் ஒரு பங்கு குறைவு. அதே 19 மி.மீ. விட்டத்தில் 2 மி.மீ. சுவர் கொண்ட குரோமோலிக் குழாயின் விறைப்போ ஏறத்தாழ நான்கு மடங்கு. எடை 12 மி.மீ. கம்பியைவிடச் சற்றுக் குறைவுதான். நீளமும் கணக்கில் வரும்: கம்பி பத்து சதவீதம் நீண்டால், அது வளையாமல் தாங்கும் சுமை சுமார் 17 சதவீதம் குறைந்துவிடும். அகலமான ஏ-ஆர்ம் போட்டவர்கள் இதை மறக்கக்கூடாது.

கம்பெனிக் கம்பிக்கும் ஒரு நியாயம் இருக்கிறது. அது வளைந்தால் கழற்றி நிமிர்த்தி, மெதுவாக ஓட்டிக்கொண்டு முகாம் வரைக்கும் வந்துவிடலாம். கம்பி வளைய மறுத்தால் அந்த அடி சக்கரத்தைத் தாங்கித் திருப்பும் நக்கிளுக்கோ ஸ்டீயரிங் தண்டுக்கோ போகும். அவற்றை மணலில் உட்கார்ந்து சரிசெய்ய முடியாது. நிதானமாக ஓட்டுகிறவர்களுக்கு நான் கம்பெனிக் கம்பியையே சொல்வேன்.

ஆனால் என் தேர்வை முடிவு செய்தது கம்பி அல்ல, அதன் முனை. பந்தயக் கடைகளில் கிடைக்கும் டை ராட்கள் பலவற்றில் ஹைம் ஜாயிண்ட் எனப்படும், வளையத்துக்குள் உருண்டை அசையும் திறந்த முனை இருக்கும். பார்க்க அழகு, புதிதாக இருக்கும்போது ஸ்டீயரிங் அவ்வளவு துல்லியமாக இருக்கும். ஆனால் அதன் உருண்டைக்கும் வளையத்துக்கும் நடுவே பெரும்பாலும் மெல்லிய டெஃப்லான் படலம்தான் இருக்கிறது. பாலைவனத்தின் நுண்மணல் அந்த இடுக்கில் புகுந்து அரைக்கத் தொடங்கினால் படலம் தேயும். உருண்டை ஆடத் தொடங்கும். கிரீஸ் பூசினால் நிலைமை இன்னும் மோசம்: மணல் கிரீஸில் ஒட்டி, சாம்பல் நிறப் பசையாகி, சாணைக்கல் வேலையைச் செய்கிறது. ரப்பர் உறை போட்ட பால் ஜாயிண்டில் உறை கிழியாத வரை இந்தத் தொல்லை இல்லை. பராமரிப்பு என்று பார்த்தால், கழுவும்போது உறையில் வெடிப்பு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்ப்பதோடு வேலை முடிகிறது. உயர் அழுத்த நீரை மட்டும் நேராக உறைமீது அடிக்கக்கூடாது.

எந்த முனையானாலும் சோதிக்கும் முறை ஒன்றுதான். முன்பக்கத்தை ஸ்டாண்டில் தூக்கி, சக்கரத்தை முன்விளிம்பிலும் பின்விளிம்பிலும் பிடித்து மாறி மாறித் தள்ள வேண்டும். இன்னொருவர் ஜாயிண்டின்மேல் விரலை வைத்திருந்தால், தேய்ந்த முனையில் 'டக்' என்ற சிறு அசைவு விரலுக்குத் தெரிந்துவிடும்.

ஹைம் ஜாயிண்ட்தான் வேண்டும் என்றால், வெளிப்புறம் ஓர் அகலமான பாதுகாப்பு வாஷர் இல்லாமல் மாட்டவே வேண்டாம். உருண்டை வளையத்தைவிட்டுப் பிடுங்கிக்கொண்டாலும் அந்த வாஷர் கம்பியை போல்ட்டிலிருந்து நழுவ விடாது. வேகத்தில் ஒரு பக்க டை ராட் கழன்றால் அந்தச் சக்கரம் தன் இஷ்டத்துக்குத் திரும்பும், வண்டி உருளும். சில திர்ஹம் மிச்சப்படுத்தும் இடம் இதுவல்ல.

முனையைக் கம்பியோடு பூட்டும் லாக் நட்டுக்கும் இதே அக்கறை தேவை. டை ராடின் ஒரு முனையில் வலது மரை, மறுமுனையில் இடது மரை இருக்கும். அதனால்தான் எதையும் கழற்றாமல் கம்பியைத் திருப்பியே டோ அளவை (முன்சக்கரங்கள் உள்நோக்கியோ வெளிநோக்கியோ எவ்வளவு திரும்பி நிற்கின்றன என்பதை) சரிசெய்ய முடிகிறது. லாக் நட் தளர்ந்தால் அதே கம்பி ஓட்டத்தில் தானாகவும் திரும்பும். முனையின் மரை குறைந்தது அதன் விட்டத்தின் அளவுக்காவது உள்ளே போயிருக்க வேண்டும். ஒன்றரை மடங்கு இருந்தால் நிம்மதி. இறுக்கிய பின் நட்டின்மேலும் கம்பியின்மேலும் சேர்த்து பெயிண்ட் மார்க்கரால் ஒரு கோடு இழுத்துவிடுங்கள். கோடு விலகியிருந்தால் தூரத்திலிருந்தே தெரியும். புதிதாக மாட்டியவற்றை முதல் ஓட்டம் முடிந்ததும் மறுபடி இறுக்கிப் பார்க்க வேண்டும்.

அலுமினியத்தை நான் தள்ளியதற்கு இந்த மரையும் ஒரு காரணம். எஃகு முனையை அடிக்கடி திருகினால் அலுமினிய மரை சிராய்ந்து இறுகிப்போகும், அல்லது உரிந்துவிடும். கடற்கரைப் பக்கம் ஓட்டினால் உப்பும் சேர்ந்து அரிக்கும். டைட்டானியம் கம்பிகளை நண்பர்களின் வண்டிகளில் பார்த்ததோடு சரி. ஓட்டிப் பார்க்காமல் அதைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். மோட்டோகிராஸ் டிராக்கில் முனைகளைச் சளைக்காமல் மாற்றும் குழுவுக்கு ஹைம் ஜாயிண்டின் துல்லியம் உண்மையிலேயே பயன் தரலாம்.

அலுமினியம் ஏற்கெனவே மாட்டியிருப்பவர்கள் பதறிக் கழற்ற வேண்டியதில்லை. லாக் நட்டை ஒட்டிய பகுதியைத் துடைத்து நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். அலுமினியத்தில் விரிசல் பெரும்பாலும் மரை தொடங்கும் இடத்திலோ, கல் பட்டு ஆழமாகக் கீறிய இடத்திலோதான் பிறக்கும். நகம் மாட்டும் அளவுக்குக் கீறல் இருந்தால் அந்தக் கம்பியை மாற்றிவிட்டு மணலில் இறங்குங்கள்.