கடற்கரை விடுமுறையில் காட்டுக்கு ஒரு நாள்: ஜிப்லைனா, தொங்குபாலமா, கேபிள் காரா?

கடற்கரையில் ஐந்தாறு நாள் தங்கப் போகிறவர்களுக்கு மூன்றாம் நாள் வாக்கில் லேசாக அலுப்புத் தட்டும். அலை, மணல், வெயில், மறுபடியும் அலை. அப்போதுதான் விடுதி வரவேற்பறையில் இருக்கும் விளம்பரத் தாள் கண்ணில் படும். ஹெல்மெட் போட்ட ஒருவர் மரங்களுக்கு மேலே கையை விரித்துக்கொண்டு பறக்கிற படம். "காட்டைப் பார்க்கலாம், சாகசமும் ஆச்சு" என்று பணம் கட்டிவிடுவோம்.

நானும் அப்படித்தான் முதல் தடவை ஜிப்லைனுக்குப் போனேன். இரண்டு மேடைகளுக்கு நடுவே சரிவாகக் கட்டிய கம்பியில், கப்பியில் தொங்கியபடி சறுக்கிப் போவதுதான் ஜிப்லைன். அதற்குப் பிறகு வேறு வேறு இடங்களில் தொங்குபாலம், கேபிள் கார், இன்னும் இரண்டு ஜிப்லைன் என்று எல்லாவற்றையும் பார்த்தாகிவிட்டது. இப்போது யார் கேட்டாலும் முதலில் ஒன்றைத்தான் திருப்பிக் கேட்கிறேன்: உங்களுக்குப் பறக்க வேண்டுமா, காட்டைப் பார்க்க வேண்டுமா? விளம்பரத் தாள் இரண்டும் ஒன்றுதான் என்கிறது. போய்ப் பார்த்தால் வேறு வேறு.

ஒரு சின்னக் கணக்கு. கம்பியின் நீளம் 300 மீட்டர், வேகம் மணிக்கு 40 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போக 27 விநாடி. இப்படிப் பத்துக் கம்பி இருந்தாலும் காற்றில் இருப்பது மொத்தம் நாலரை நிமிடம். ஆனால் அதற்கு அரை நாள் போய்விடும். மலை ஏறும் வண்டிப் பயணம், உடம்பைத் தாங்கும் பட்டைகளான ஹார்னஸை மாட்டுவது, செய்முறை விளக்கம், மேடைக்கு மேடை வரிசையில் நிற்பது, நடுவில் படியேற்றம். இதைக் குறையாகச் சொல்லவில்லை. அந்த நாலரை நிமிடம் எனக்கு இன்னும் உடம்பில் இருக்கிறது. மேடை விளிம்பில் கால் பெருவிரல் மட்டும் பலகையில் பட நிற்கும்போது, தலைக்கு மேல் காரபைனர் என்ற கொக்கி வளையம் 'டக்' என்று பூட்டிக்கொள்ளும் சத்தம், கைடு அதன் திருகை இரண்டு விரலால் முறுக்கி, பிறகு ஒரு தடவை இழுத்துப் பார்ப்பது, எல்லாமே நினைவிருக்கிறது. நினைவில்லாதது காடுதான். அந்த வேகத்தில் பச்சை ஒரு கோடாகத்தான் ஓடுகிறது. கப்பி கம்பியில் உரசும் 'விர்ர்' சத்தத்தில் பக்கத்தில் பறவை இருந்தாலும் எப்போதோ போயிருக்கும்.

தொங்குபாலத்தில் நடப்பது இதற்கு நேர் எதிர். கானாவில் கேப் கோஸ்ட் கடற்கரையிலிருந்து சுமார் 30 கிலோமீட்டரில் ககும் தேசியப் பூங்கா இருக்கிறது. அங்கே 1995-இல் திறந்த மரவுச்சி நடைபாதையில் ஏழு பாலங்கள், மொத்த நீளம் சுமார் 350 மீட்டர், சில இடங்களில் தரையிலிருந்து 40 மீட்டர் உயரம். 350 மீட்டரை ஜிப்லைன் அரை நிமிடத்தில் முடித்துவிடும். நடையில் உங்கள் விருப்பம். ஒரு பாலத்தின் முனையிலேயே கால் மணி நேரம் நிற்கலாம். நிற்க நிற்கத்தான் காடு தெரிய ஆரம்பிக்கும். முதலில் வெறும் இலை. அப்புறம் கிளையில் ஒட்டி வளர்ந்த ஆர்க்கிட் செடிகள், பாசி, ஒரு எறும்பு வரிசை. மழைக்காட்டில் மரத்தின் உச்சிப் பகுதியில்தான் வெயில், பூ, காய் எல்லாம். ஆகவே உயிர்களும் அங்கேதான் அதிகம். தரையில் நடந்தால் அதில் பெரும்பகுதி தலைக்கு மேலேயே போய்விடும்.

இந்த இடத்தில் ஒருவரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். 1970-களில் டொனால்ட் பெரி என்ற அமெரிக்க உயிரியலாளர், கோஸ்டாரிகா காட்டில் கயிறு கட்டி மரவுச்சிகளில் ஏறி ஆராய்ச்சி செய்தார். அப்படி மேலே போய்ப் பார்த்த காலத்துக்குப் பின்னால்தான் அந்த நாட்டில் சுற்றுலாவுக்கான ஜிப்லைன்கள் பெருகின. ஆனால் அதே பெரி, பொதுமக்கள் காட்டின் உச்சியைப் பார்க்கட்டும் என்று 1990-களில் அமைத்தது, மரங்களுக்கு நடுவே மெதுவாக ஊர்ந்து போகும் ஒரு கம்பி வண்டி. வருடக்கணக்கில் அந்த உயரத்தில் வேலை பார்த்த மனிதர் மற்றவர்களுக்குக் காட்ட நினைத்தபோது மெதுவாகப் போவதைத்தான் தேர்ந்தெடுத்தார். எனக்கு இது போதுமான சாட்சி.

சரி, அப்படியானால் கேபிள் கார்? ஆஸ்திரேலியாவின் கெய்ன்ஸ் கடற்கரைப் பக்கம் 1995-இல் தொடங்கிய ஸ்கைரெயில் ஏழரை கிலோமீட்டர் நீளம். மழைக்காட்டுக்கு மேலேயே போய் குராண்டா என்ற மலைக் கிராமத்தில் இறக்கிவிடும். முழங்கால் வலி உள்ள பெரியவர்கள், கைக்குழந்தை வைத்திருப்பவர்கள், உயரம் என்றாலே நடுங்குகிறவர்கள், எல்லோரும் சேர்ந்து போகக்கூடியது இது ஒன்றுதான். காட்டின் பரப்பு எவ்வளவு பெரிது என்பது இதில் தெரிகிற மாதிரி வேறெதிலும் தெரியாது. ஆனால் பெரும்பாலும் கண்ணாடிக்குள் உட்கார்ந்திருக்கிறோம். மண் வாசனை வராது, இலை கையில் படாது. குடும்பத்தில் மூன்று தலைமுறை சேர்ந்து வந்திருந்தால் யோசிக்காமல் இதற்குப் போங்கள். இளைஞர்கள் மட்டும் என்றால் வேண்டாம்.

ஜிப்லைன்தான் என்று முடிவு செய்தவர்களுக்கு அடுத்த கேள்வி: பல சின்னக் கம்பிகளா, ஒரே ஒரு நீளக் கம்பியா? போர்ட்டோ ரிக்கோவின் ஒரோகோவிஸ் மலையில் இருக்கும் 'மான்ஸ்டர்' இரண்டு கிலோமீட்டருக்கும் அதிக நீளம். அதில் கவிழ்ந்து படுத்த நிலையில் போகவேண்டும். மலைப் பள்ளத்தாக்கு முழுவதும் கீழே விரியும். அது உண்மையிலேயே பறத்தல். ஆனால் ஒரே தடவைதான். பயத்தைத் தாண்டி ரசிக்க ஆரம்பிக்கும்போது முடிந்துவிடும். பல கம்பிச் சுற்றில் முதல் கம்பியில் கண்ணை மூடிக்கொள்கிறவர் நாலாவது கம்பியில் சிரித்துக்கொண்டு குதிக்கிறார். எனக்கு நடந்தது அதுதான், என்னோடு வந்த பெரும்பாலானவர்களுக்கும் அதுதான். முதல்முறை போகிறவர்களுக்குப் பல கம்பிச் சுற்றையே சொல்வேன். கம்பிகள் மரத்திலிருந்து மரத்துக்குப் போவதால், மேடையில் காத்திருக்கும் அந்த ஐந்து நிமிடமாவது காட்டுக்குள் நிற்கிறோம்.

இதைவிட முக்கியமான வேறுபாடு பிரேக். யாரும் இதைக் கேட்பதில்லை, ஆனால் முதலில் கேட்க வேண்டியது இதுதான். சில இடங்களில் பிரேக் நம் கையில். தடித்த தோல் கையுறை கொடுப்பார்கள். உள்ளங்கையில் இன்னொரு அடுக்குத் தோல் வைத்துத் தைத்திருக்கும். அந்தக் கையைக் கப்பிக்குப் பின்னால் கம்பியின் மேல் லேசாக வைத்தபடி போகவேண்டும். எதிரே மேடையில் நிற்கும் கைடு சைகை காட்டியதும் கீழ்நோக்கி அழுத்த வேண்டும். கப்பிக்கு முன்னால் கையை வைத்தால் சக்கரம் விரலை இழுத்துக்கொள்ளும். செய்முறை விளக்கத்தில் இதை நாலு தடவை சொல்வார்கள். பதற்றத்தில் கை தானாக முன்னால் போகும் என்பதால்தான் அத்தனை தடவை. மற்ற இடங்களில் முனையில் ஸ்பிரிங், எலாஸ்டிக் கயிறு அல்லது காந்த பிரேக் இருக்கும். நாம் செய்ய வேண்டியது எதுவுமில்லை, காலை மடக்கித் தூக்கிக்கொண்டால் போதும்.

கை பிரேக் வேடிக்கைதான், நாமே ஓட்டுகிற உணர்வு வரும். ஆனால் சீக்கிரமே அழுத்திவிட்டால் என்ன ஆகும் என்பதைப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். என் அக்கா மகளுக்கு அப்போது பதினொரு வயது, ஒல்லி. மேடைக்கு இன்னும் பத்துப் பன்னிரண்டு மீட்டர் இருக்கும்போது பயந்து அழுத்திவிட்டாள். கம்பி எப்போதும் நடுவில் தொய்ந்துதான் இருக்கும். முனையை நோக்கிக் கொஞ்சம் ஏறும். அதனால் நின்றவள் மெதுவாகப் பின்னோக்கி உருள ஆரம்பித்தாள், தாழ்வான இடம் வரை போய் அசைவில்லாமல் தொங்கினாள். கைடு தன் கப்பியை மாட்டிக்கொண்டு, மல்லாந்த நிலையில் கையால் கம்பியைப் பிடித்து இழுத்து இழுத்துப் போய், தன் காலால் அவள் இடுப்பைச் சுற்றிப் பிடித்துக் கூட்டி வந்தார். மூன்று நிமிடம் ஆகியிருக்கும். அவருக்கு அது தினசரி வேலை. ஆனால் அக்காவுக்கு அந்த மூன்று நிமிடம் எப்படிப் போயிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். எடை குறைந்தவர்கள் காற்றின் தடையால் வேகம் இழந்து, தாங்களாக அழுத்தாமலேயே நின்றுபோவதும் உண்டு. குழந்தைகளோடு போகிறவர்கள் தானாக நிற்கும் பிரேக் உள்ள இடத்தையோ, கைடோடு சேர்ந்து இருவராகப் போகவிடும் இடத்தையோ தேர்ந்தெடுங்கள். எடைக்குக் கீழ் வரம்பு, மேல் வரம்பு இரண்டும் இருக்கும். இடத்துக்கு இடம் மாறும், முன்பே கேட்டுவிடுங்கள். எந்தத் தர விதிப்படி கட்டியது, கடைசியாக வெளி ஆட்கள் எப்போது சோதித்தார்கள் என்றும் கேளுங்கள். அமெரிக்காவில் ஏசிசிடி என்ற துறைச் சங்கத்துடையது, ஐரோப்பாவில் இஎன் 15567 என்று தர விதிகள் இருக்கின்றன. ஒழுங்காக நடத்துகிறவர்கள் இந்தக் கேள்விக்குச் சலித்துக்கொள்ள மாட்டார்கள்.

இனி, இது கடற்கரை விடுமுறை என்பதால் வரும் சங்கதிகள். இவற்றில் ஒன்று உயிர் சம்பந்தப்பட்டது.

ஸ்கூபா டைவிங் செய்கிறவர்கள் கவனிக்க வேண்டும். டைவிங் முடித்தவுடன் விமானம் ஏறக்கூடாது என்பது பலருக்குத் தெரியும். மலை ஏறுவதும் அதே கணக்கில் வரும் என்பது தெரியாது. ஆழத்தில் இருக்கும்போது உடம்பில் கரைந்த நைட்ரஜன், காற்றழுத்தம் குறைந்த உயரத்துக்குச் சீக்கிரம் போனால் குமிழிகளாக வெளிவரலாம். மூட்டு வலியில் தொடங்கி நரம்புப் பாதிப்பு வரை போகும். டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க் என்ற டைவிங் பாதுகாப்பு அமைப்பின் வழிகாட்டுதல் சுமார் 600 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்துக்கே பொருந்துகிறது: டிகம்ப்ரெஷன் நிறுத்தம் (மேலே வரும் வழியில் நைட்ரஜன் வெளியேற நடுவில் நின்று காத்திருப்பது) தேவைப்படாத ஒரே ஒரு டைவ் என்றால் குறைந்தது 12 மணி நேரம், பல டைவ் அல்லது பல நாள் டைவ் என்றால் குறைந்தது 18 மணி நேரம் இடைவெளி வேண்டும். கோஸ்டாரிகாவில் ஜிப்லைனுக்குப் பேர்போன மோன்டேவெர்டே சுமார் 1,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காலையில் பசிபிக் கரையில் டைவ், மதியம் அங்கே ஜிப்லைன் என்று யாராவது அட்டவணை போட்டுக் கொடுத்தால் ஏற்காதீர்கள். காட்டு நாளை முதலில் வைத்து, டைவிங்கைப் பின்னால் வையுங்கள். ஊர் திரும்பும் விமானத்துக்கும் இடைவெளி விட மறக்கவேண்டாம். மேலோட்டமாக நீந்தும் ஸ்நார்கெலிங்குக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை.

வெயில் பட்டுச் சிவந்த தோளோடு ஹார்னஸ் மாட்டினால் வலி தாங்காது. அதற்காகவும் காட்டு நாள் முதல் இரண்டு நாளுக்குள் வருவது நல்லது. தொடைப் பட்டைகள் நேரடியாகத் தோலில் உரசும். நீச்சலுடைக்கு மேல் முழங்கால் வரை வரும் கால்சட்டை அவசியம். கடற்கரைக்குச் செருப்பு மட்டும் கொண்டுவருகிறவர்கள்தான் அதிகம், ஆனால் குதிகாலை மூடும் காலணி இல்லாமல் பெரும்பாலான இடங்களில் ஏற்றமாட்டார்கள். செல்போனை விடுதியிலேயே வைத்துவிடுங்கள். நாற்பது மீட்டர் கீழே, புதருக்குள் விழுந்த போனை யாராலும் தேடித் தரமுடியாது.

நேரம் என்று கேட்டால், காலை முதல் குழு. எல்லா வகைக்கும் இது பொருந்தும். வெப்பமண்டல மலைச்சரிவுகளில் மதியத்துக்கு மேல் மேகம் கூடி மழை பிடிப்பது வழக்கம். நனைந்த கம்பியில் தோல் கையுறை வழுக்கும், நிறுத்தும் தூரம் கூடும். லேசான தூறலில் ஓட்டுவார்கள், இடி என்றால் நிறுத்த வேண்டும். கடைசி இடிச் சத்தத்திலிருந்து 30 நிமிடம் பொறுப்பது பொதுவான விதி. இடி கேட்ட பிறகும் "பரவாயில்லை, இன்னும் இரண்டு கம்பிதான்" என்று சொல்லும் இடத்தில் மேடையை விட்டு இறங்கிவிடுங்கள். தொங்குபாலமும் அந்த நேரத்தில் பாதுகாப்பில்லை. மற்றபடி பறவைகள் காலையில்தான் நடமாடும் என்பதால் நடைக்கும் காலைதான்.

முன்பதிவு பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நேரடியாகப் பதிவு செய்தால் பிரேக், எடை வரம்பு பற்றியெல்லாம் நடத்துகிறவர்களிடமே கேட்கலாம். விடுதி மேசையில் இருப்பவருக்கு அது பெரும்பாலும் தெரியாது. சொகுசுக் கப்பலில் வந்து ஒரு நாள் மட்டும் கரையிறங்குகிறவர்கள் விஷயம் வேறு. கப்பல் நிறுவனம் ஏற்பாடு செய்த சுற்று தாமதமானால் கப்பல் பொதுவாகக் காத்திருக்கும், நீங்களாகப் போனால் காத்திருக்காது. அவர்கள் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தாவது கப்பல் வழியே போவது நல்லது.

கர்ப்பிணிகள், முதுகு அல்லது தோள்பட்டையில் சமீபத்தில் அறுவை செய்தவர்கள் ஜிப்லைனைத் தவிர்க்க வேண்டும். முனையில் பிரேக் பிடிக்கும்போது ஒரு குலுக்கல் இருக்கத்தான் செய்யும். உயரத்துக்குப் பயப்படுகிறவர்களைப் பொறுத்தவரை என் அனுபவம் கொஞ்சம் வித்தியாசமானது. ஜிப்லைனைவிடத் தொங்குபாலத்தில்தான் அவர்கள் அதிகம் தவித்துப் பார்த்திருக்கிறேன். ஜிப்லைனில் ஒரு நொடி துணிந்தால் போதும், மீதியைக் கம்பி பார்த்துக்கொள்ளும். பாலத்தில் ஒவ்வொரு அடியும் நாமே எடுத்து வைக்க வேண்டும், பலகை ஆடும், பாதியில் நின்றால் பின்னால் வருகிறவர்களும் நிற்பார்கள். உங்கள் குழுவில் அப்படி ஒருவர் இருந்தால், எந்த மேடையிலிருந்து, எந்தப் பாலத்திலிருந்து தரைக்கு இறங்கும் வழி இருக்கிறது என்று கிளம்பும் முன்பே கைடிடம் கேட்டு, அதை அவருக்கும் சொல்லிவிடுங்கள்.

ஒரே வளாகத்தில் பாலமும் ஜிப்லைனும் இருக்கும் இடங்கள் உண்டு. மோன்டேவெர்டேயிலேயே அப்படி இருக்கிறது. வாய்ப்புக் கிடைத்தால் இரண்டையும் எடுங்கள், ஆனால் பாலத்தை முதலில் நடங்கள். கடைசித் தடவை நான் அப்படித்தான் செய்தேன். ஒன்றரை மணி நேரம் பாலங்களில் மெதுவாக நடந்து, எந்த மரம் எங்கே, ஓடை எந்தப் பக்கம் என்று கண்ணுக்குப் பழகிய பிறகு கம்பியில் ஏறினேன். கீழே கோடாக ஓடிய பச்சையில், காலையில் நான் கைவைத்து நின்ற பாலத்தின் கைப்பிடிக் கயிறு ஒரு கணம் தெரிந்தது.