பட்டிக்கு நாய்: அல்சேஷனா, பார்டர் கோலியா?

வன்னியில் மாட்டுப்பட்டிக்கு நாய் தேடுகிறவர்கள் முதலில் கேட்பது காது நிமிருமா, நிறம் என்ன என்றுதான். குணத்தைப் பற்றிக் கேட்பவர்கள் குறைவு. எனக்கு அதுதான் கவலை.

அல்சேஷன் என்று நாங்கள் சொல்லும் ஜெர்மன் ஷெப்பர்டுக்கு வடிவு விதிகள் இறுக்கமானவை. கடுவன் 60 முதல் 65 சென்ரிமீற்றர் உயரம், 30 முதல் 40 கிலோ எடை, காது தொங்கக்கூடாது, வெள்ளை என்றால் கண்காட்சியில் தள்ளிவிடுவார்கள். ஆனால் அதே விதிகளில் நரம்புறுதி, பதற்றமின்மை, சீண்டாதவரை சாதுவாக இருத்தல் என்றும் இருக்கிறது, விற்கிறவர்கள் அதைப் பற்றிக் கதைப்பதே இல்லை. 1899 இல் இந்த இனத்துக்குச் சங்கம் தொடங்கிய ஸ்டெபானிட்ஸ் தேடியது வேலை நாயை. இன்று முதுகு சரிந்து, பின்கால் மடிந்து நிற்கிற கண்காட்சி நாயை மாட்டுக்குப் பின்னால் ஓடவிட்டால் இடுப்பு எத்தனை வருடம் தாங்கும்?

பிரித்தானியாவின் ஆட்டு மந்தை நாயான பார்டர் கோலியின் கதை வேறு. 1906 இல் தொடங்கிய சர்வதேச ஆட்டு நாய்ச் சங்கம் அழகைப் பார்ப்பதில்லை. மந்தையைச் சேர்த்து, பிரித்து, பட்டிக்குள் கொண்டுவரத் தெரிந்தால், பதிவில்லாத நாயைக்கூடத் திறமையைச் சோதித்துச் சேர்த்துக்கொள்வார்கள். நாய் இனங்களைப் பதிவு செய்கிற பிரித்தானிய கெனல் கிளப் இந்த இனத்தை ஏற்றதே 1976 இல்தான். கடுவனுக்கு 53 சென்ரிமீற்றர் என்ற உயரமெல்லாம் கண்காட்சிக்காரர்களின் கணக்கு. எனக்கு ஆட்டு நாய்ச் சங்கத்தின் முறைதான் நேர்மையாகப் படுகிறது.

அதற்காகக் கோலியை வாங்குங்கள் என்று சொல்லமாட்டேன். தலையைத் தாழ்த்தி, கண்ணால் முறைத்தே மந்தையை மறிக்கிற நாய் அது, கட்டளை கொடுத்துப் பழக்க ஆள் வேண்டும், நாள் முழுக்க வேலையும் வேண்டும். காலபோகத்தில், அதாவது மழைக்கால நெல் விதைப்பில், மாடுகளை வயலுக்குள் விடாமல் காட்டோரம் ஓட்டும்போது வேலை இருக்கும், சரி, மற்ற நாளில் கோழியையும் சைக்கிளையும் துரத்தும். அடர்ந்த உள்மயிர், உண்ணி, வெயில் எல்லாம் இரண்டுக்கும் பொதுவான தொல்லை.

எங்கள் பக்கம் உண்மையான சோதனை யானை வெடி, வயலுக்கு வரும் யானையை விரட்டப் போடுகிற வெடி. இரவில் வயலில் ஒரு வெடி போட்டதும் கட்டிலுக்கடியில் புகுந்து, விடியும்வரை மூச்சிரைத்து, கூப்பிட்டாலும் வெளியே வராமல் கிடக்கிற நாய், காது எவ்வளவு நேராக நின்றாலும் பட்டிக்கு உதவாது. ஜெர்மனியில் இனவிருத்திக்கு அல்சேஷனைத் தெரிவு செய்யும்போது துப்பாக்கிச் சத்தத்துக்கு மிரள்கிறதா என்று பார்ப்பது இதற்காகத்தான்.

என் தெரிவு: காவலும் வேண்டுமென்றால் நேரான முதுகுள்ள, குட்டை மயிர் அல்சேஷன். காசு குறைவென்றால் பட்டியிலேயே பிறந்து கன்றுகளோடு வளர்ந்த ஊர் நாய், அதற்கு யாரும் விதி எழுதவில்லை, ஆனால் வெயிலும் வெடியும் அதற்குப் பழக்கம். எதை எடுத்தாலும் தாயைக் காட்டச் சொல்லுங்கள். அப்புறம் குட்டிகளுக்குப் பின்னால் ஒரு சட்டியைப் போட்டுப் பாருங்கள், திடுக்கிட்டு ஓடினாலும் திரும்பி வந்து அந்தச் சட்டியை மணந்து பார்க்கிற குட்டியை எடுங்கள்.