லியோ எடிட்டரில் @கிளீன்: வெளியே திருத்திய ஃபைல் அவுட்லைனுக்குத் திரும்பும்போது

லியோ என்பது கோடை நோடுகள் எனப்படும் துண்டுகளாகப் பிரித்து, மரம் போன்ற அவுட்லைனாக அடுக்கி எழுதும் எடிட்டர். ஆனால் ஒரே ரெப்போவில் வேலை செய்கிற எல்லாரும் லியோவிலேயே எழுதுவதில்லை. டீமில் ஒருவர் வி.எஸ். கோடில் திருத்துவார், இன்னொருவர் விம்மில். அந்த மாற்றம் அவுட்லைனுக்குள் எப்படி வந்து சேர்கிறது என்பதுதான் நீண்ட காலப் பயன்பாட்டில் நிம்மதியைத் தீர்மானிக்கிறது. ஒரு நோடின் தலைப்பில் @ஃபைல், @ஆட்டோ, @நோசென்ட், @கிளீன் என்று எதைப் போடுகிறோமோ, அதைப் பொறுத்துத்தான் லியோ அந்த நோடை டிஸ்கில் உள்ள ஃபைலோடு இணைக்கும். பலர் தொடும் ரெப்போவுக்கு என் தேர்வு @கிளீன்.

@ஃபைல் போட்டால், நோடின் எல்லையைக் குறிக்கும் '#@+நோட்' மாதிரி சென்டினல் கமென்ட்கள் சோர்ஸுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும். எந்த வரி எந்த நோடுக்கு என்பதில் குழப்பமே இருக்காது. ஆனால் மற்றவர்கள் அந்த கமென்ட்களைச் சகித்துக்கொள்ள வேண்டும். பைத்தான் கோடை ஒழுங்குபடுத்தும் பிளாக் ஃபார்மேட்டர் # குறிக்குப் பின்னால் ஒரு ஸ்பேஸ் சேர்த்துச் சென்டினலின் வடிவத்தையே மாற்றிவிடும். @ஆட்டோ ஒவ்வொரு முறையும் சோர்ஸைப் புதிதாகப் பிரித்து மரத்தைக் கட்டுவதால் நாம் கையால் அமைத்த அடுக்கு நிற்காது. @நோசென்ட் எழுத மட்டும்தான். வெளியே செய்த திருத்தத்தைத் திரும்ப வாங்காது.

@கிளீன் 2015-இல் லியோ 5.1-உடன் வந்தது. நோட் அமைப்பு .லியோ ஃபைலில் இருக்கும், சோர்ஸ் சுத்தமாக இருக்கும். படிக்கும்போது, அவுட்லைனில் உள்ள பழைய வரிகளையும் டிஸ்கில் உள்ள புதிய வரிகளையும் ஒப்பிட்டு, மாற்றங்களை உரிய நோடுகளில் போடுகிறது முல்டர்–ரீம் அல்காரிதம். அது தரும் உத்தரவாதம் ஒன்றே ஒன்று: திரும்ப எழுதினால் டிஸ்கில் இருந்த ஃபைல் அப்படியே வரும். வரி சரியான நோடில் விழும் என்ற உத்தரவாதம் கிடையாது.

'ரீட்_கான்ஃபிக்', 'ரைட்_கான்ஃபிக்' என்று அடுத்தடுத்து இரண்டு நோடுகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். நடுவில் யாரோ ஒரு புது ஃபங்ஷன் சேர்த்தால், அது பெரும்பாலும் முதல் நோடின் வாலில் ஒட்டிக்கொள்ளும். அந்த வரிகளைச் செலக்ட் செய்து 'எக்ஸ்ட்ராக்ட்' கமாண்ட் கொடுத்தால் சைல்டு நோடாகப் பிரியும். அங்கேயே விட்டுவிடக் கூடாது. சைல்டு நோடுகளின் உடலை இங்கே சேர் என்று சொல்லும் @அதர்ஸ் மேல் நோடில் இல்லையென்றால், லியோ அதை ஃபைலில் இடமில்லாத ஆர்ஃபன் நோட் என்று புகார் செய்யும். கன்ட்ரோல்+எல் அழுத்தி ஒரு படி இடது பக்கம் நகர்த்தினால் சரியாகிவிடும்.

ஃபங்ஷனை வெளியே இடம் மாற்றினால் இன்னும் தொல்லை. ஒப்பீட்டுக்கு அது ஓரிடத்தில் அழிப்பு, வேறிடத்தில் சேர்ப்பு. பழைய நோட் தலைப்போடு காலியாக நிற்கும், உடல் வேறொரு நோடில் இருக்கும். பெயர் மாற்றினாலும் ஹெட்லைன் பழையதாகவே இருக்கும். கையால்தான் திருத்த வேண்டும். நாள்பட்ட அவுட்லைனைத் திறக்கும்போது இவை மொத்தமாக வந்து சேரும். வித்தியாசம் கூடக் கூட, எந்த வரி எந்த நோடுக்கு என்ற ஊகமும் கெடும். அடிக்கடி ரெஃப்ரெஷ் செய்து, அதாவது ஃபைலை டிஸ்கிலிருந்து திரும்பப் படித்துக்கொள்கிறவர்களுக்கு இந்தச் சிக்கல் குறைவு.

ரெஃப்ரெஷில் வரிசை முக்கியம். கிட் புல் அல்லது பிராஞ்ச் மாற்றத்துக்கு முன் லியோவில் சேமித்து கமிட் செய்துவிடுங்கள். பிறகு @கிளீன் நோடில் நின்று 'ரெஃப்ரெஷ்-ஃப்ரம்-டிஸ்க்' கொடுங்கள். சேமிக்காமல் கொடுத்தால் டிஸ்கில் உள்ளதே ஜெயிக்கும், லியோவில் எழுதியது போகும். மறுபக்கமும் உண்டு: ஃபைல் வெளியே மாறியிருக்கும்போது லியோவில் சேமித்தால், மேலெழுதவா என்று கேட்கும். பழக்க தோஷத்தில் 'யெஸ்' அழுத்தினால் சகாவின் வேலை டிஸ்கிலிருந்து அழியும். அந்தக் கேள்வி வந்தால் 'நோ' சொல்லிவிட்டு, கிட் டிஃப் பார்த்த பிறகே முடிவெடுங்கள்.

குளோன்களிலும், அதாவது அவுட்லைனில் ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் தெரியும் ஒரே நோடிலும், கவனம் வேண்டும். ஒரே நோட் இரண்டு ஃபைல்களில் குளோனாக இருந்து, வெளியே ஒன்றில் மட்டும் திருத்தினால், கடைசியாகப் படித்த ஃபைலின் பிரதியே நிற்கும். லியோ 'ரிகவர்டு நோட்ஸ்' என்ற கிளையில் மாறுபட்ட பிரதிகளை வைத்தால், அவற்றை ஒப்பிட்டுப் பார்க்காமல் அழிக்காதீர்கள். பலர் தொடும் ஃபைல்களுக்கு இடையே குளோன் வைப்பதையே நான் தவிர்ப்பேன்.